தஞ்சைப் பக்கம் போர்ஷேயின் டைகான் மின்சாரக் கார் ஓட்டினால்: ரேஞ்ச், சார்ஜ், செலவு

97 யூனிட் பயன்படும் பேட்டரி என்றால் 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் என்று கணக்குப் போடுங்கள். வேகம் கூடினால் இன்னும் தின்னும். 80 சதவீதத்தில் கிளம்பி 10-இல் நிறுத்தினால் சுமார் 300 கிலோமீட்டர். கும்பகோணம் போய்வர இது தாராளம். சென்னைக்கு வழியில் ஒரு வேகச் சார்ஜ் வேண்டும்.

வீட்டில் மூன்று ஃபேஸ், 16 ஆம்பியர், 11 கிலோவாட்: இரவு முழுக்கப் போட்டால் நிரம்பிவிடும். தகராறு பெரும்பாலும் எர்த்தில்தான். கோடையில் எர்த் குழி காய்ந்தால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டைத் தாண்டினால் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், அப்படியும் இறங்காவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குறுவை நேரத்தில் பம்புசெட் மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கினால், சார்ஜ் ஆகும் ஆம்பியரைக் குறைத்து வையுங்கள்.

சார்ஜில் பத்து சதவீதம் வீணாகும். யூனிட் 10 ரூபாய் என்றால் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 245 ரூபாய். டயர் செலவுக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை.