ஏஐ-யோடு வேலை செய்யப் பழகுவது எப்படி? கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

இந்தப் பருவத்து அசைன்மென்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடமாக இருக்கட்டும். தெரியாத பாடத்தில் ஏஐ செய்யும் பிழை கண்ணில் படாது. அந்தப் பிழையைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் நாளை வேலையிடத்துக்குத் தேவைப்படுவார்.

படி 1: முதல் அரை மணி நேரம் ஏஐ கருவியைத் திறக்காதீர்கள். உங்கள் விடையை அரைப் பக்கம் எழுதுங்கள். அதன் பதிலை முதலில் படித்துவிட்டால் மனம் அதையே பிடித்துக்கொள்ளும், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இருக்காது.

படி 2: இப்போது கேளுங்கள். "மண் அரிப்பு பற்றி எழுது" என்றால் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். "இந்த அட்டவணையை மட்டும் வைத்து, இரண்டாம் ஆண்டு மாணவருக்குப் புரியும்படி 200 சொற்களில் எழுது. அட்டவணையில் இல்லாததற்குத் 'தரவு இல்லை' என்று சொல்" எனக் கேளுங்கள். மற்றவர்களின் பெயர், போன் எண், மதிப்பெண் எதையும் அதில் ஒட்ட வேண்டாம்.

படி 3: சரிபார்ப்பு. மொத்த நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். ஏஐ கருவிக்குள் இருக்கும் மொழி மாதிரி (language model) அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் இல்லாத ஆய்வுக்கட்டுரைக்கும் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாகத் தந்துவிடும். 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இப்படித்தான் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகள் தாக்கலாகி, வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவை உண்மையா என்று அந்தக் கருவியிடமே கேட்டிருந்தார்கள். உண்மை என்றே அது சொன்னது. ஆகவே சரிபார்ப்பு எப்போதும் வெளியே நடக்க வேண்டும்.

மேற்கோள் என்றால் மூலக் கட்டுரையைத் திறந்து, அந்தக் கருத்து உள்ள வரியைக் கண்டுபிடியுங்கள். கட்டுரை இருந்தும் அதில் அந்தக் கருத்து இல்லாமல் போவதும் உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எண்களை எக்செல்லில் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். புரோகிராம் என்றால் காலிப் பட்டியல், பூஜ்யம், எதிர்ம எண் மூன்றையும் கொடுத்து ஓட்டுங்கள். வழக்கமான உள்ளீட்டில் சரியாக ஓடுவது இங்கேதான் உடையும். "இது சரிதானே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் போடும். "இதில் பலவீனமான மூன்று இடங்களைக் காட்டு" என்று கேட்பது மேல்.

படி 4: என்ன கேட்டீர்கள், எதை ஏற்றீர்கள், எதை ஏன் மாற்றினீர்கள் என்று குறித்து, அசைன்மென்டோடு இணையுங்கள். ஏஐ-க்கு எவ்வளவு அனுமதி என்பதை ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 5: திரையை மூடிவிட்டு நண்பரிடம் ஐந்து நிமிடம் விளக்குங்கள். திக்கும் இடத்தைப் பாடநூலில் படித்து மீண்டும் எழுதுங்கள். அப்போதும் விளக்க வராத பத்தியை நீக்கிவிட்டுச் சமர்ப்பியுங்கள்.