கட்டம் போட்ட வெர்னன் தட்டுகள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வெர்னன் கில்ன்ஸ் என்ற அமெரிக்கத் தொழிற்சாலை கையால் கட்டம் வரைந்து செய்த பழைய தட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். தட்டைக் கையில் எடுங்கள். வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்து, கோடும் கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். தறியில் பாவும் ஊடையும் சேரும் இடத்தில் நிறம் மாறுவதுபோல அங்கேயும் நிறம் ஒரு படி அடர்ந்திருக்கும். தூரிகை இறங்கிய முனையில் சாயம் சற்றுக் கெட்டியாகவும், தூக்கிய முனையில் மெலிந்தும் இருக்கும். பக்கத்துக் கோடு இம்மியளவு அகலமாக இருக்கும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கட்டங்கள் அச்சு அசலாகப் பொருந்தாது. ஒருவர் உட்கார்ந்து கையால் இழுத்த கோடுகள் அவை. எல்லாத் தட்டிலும் கோடு ஒரே சீராக இருந்து, உருப்பெருக்கியில் பார்க்கும்போது பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால், அது ஒட்டுப்படம், அதாவது அச்சடித்த படத்தைத் தட்டில் ஒட்டியது.

என் தாத்தா தறி நெய்தவர். பாசடீனாவில் ரோஸ் பௌல் மைதானச் சந்தைக்கு முதன்முறை போனபோது (மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கூடும்) ஒரு மேசையில் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட தட்டு இருந்தது. கண்டாங்கிச் சேலையை மடித்து வைத்ததுபோலத் தோன்றியது. அப்படியே நின்றுவிட்டேன். ஆர்கண்டி என்று அந்தக் கட்டத்துக்குப் பெயர். பதினான்கு வருடமாக அதையேதான் சேர்க்கிறேன்.

அமெரிக்காவில் கட்டம் போட்ட பாத்திரங்கள் செய்தவர்கள் பலர். மிசௌரி மாநிலத்து ஓசார்க் ஊரில் பிளேர் செராமிக்ஸ் செய்த சதுரத் தட்டுகள் அழகு. பென்சில்வேனியாவின் ஷிப்பன்வில்லில் பியூரிண்டன் செய்ததும் நன்றாக இருக்கும். ஆனால் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வெர்னன் கில்ன்ஸ். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வெர்னன் நகரில் போக்ஸன் என்ற பெயரில் இருந்த தொழிற்சாலையை ஃபே பெனிசன் 1931-இல் வாங்கி இந்தப் பெயரை வைத்தார். 1958-இல் மூடினார்கள். அச்சுகளும் பெயரும் மன்ஹாட்டன் பீச்சில் இருந்த மெட்லாக்ஸ் என்ற இன்னொரு பாத்திரத் தொழிற்சாலைக்குப் போயின. இடைப்பட்ட காலத்தில் நிறையச் செய்து நிறைய விற்றதால், இன்றும் ஒரு முழு செட்டைச் சேர்த்துவிட முடிகிறது.

வெர்னன் கட்டங்களில் ஆறு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஆர்கண்டி மஞ்சளும் பழுப்பும். ஜிங்கம் மஞ்சளும் பச்சையும், கரும்பச்சைக் கரை. காலிகோ இளஞ்சிவப்பும் நீலமும். ட்வீட் சாம்பலும் மஞ்சளும். இந்த நான்கில் குழப்பம் வராது. குழப்பமெல்லாம் ஹோம்ஸ்பன்னிலும் டாம் ஓ'ஷாண்டரிலும்தான். இரண்டிலுமே துருநிறமும் பச்சையும் உண்டு. இணையத்தில் விற்கிறவர்கள் ஒன்றின் பெயரை இன்னொன்றுக்குப் போட்டுவிடுகிறார்கள். அதனால் கரையைப் பாருங்கள்: துருநிறக் கரை என்றால் ஹோம்ஸ்பன், கரும்பச்சைக் கரை என்றால் டாம் ஓ'ஷாண்டர். புடவைக்குக் கரை எப்படியோ அப்படி. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தை நம்பாமல், பகல் வெளிச்சத்தில் கரை தெரியும்படி இன்னொரு படம் கேளுங்கள். அப்புறம் பின்பக்க முத்திரை. பல தட்டுகளில் கட்டத்தின் பெயரே அதில் இருக்கும். மெட்லாக்ஸ் பெயர் இருந்தால் 1958-க்குப் பிந்தையது.

சரி, பழுது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? கண்ணைவிட விரல் நகம் நம்பகமானது. விளிம்பைச் சுற்றி நகத்தை மெல்ல ஓட்டுங்கள், மூளி இருந்தால் தட்டும். பிறகு தட்டை விரல்நுனியில் ஏந்தி, மறுகை விரலால் லேசாகச் சுண்டுங்கள். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். கோப்பையானால் கைப்பிடி ஒட்டும் இரண்டு இடத்தையும் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். கிளேஸில், அதாவது தட்டின் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சில், வலைபோல விழும் மெல்லிய கீறல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கீறல்களுக்குள் பழுப்புக் கறை ஏறியிருந்தால் மட்டும் விட்டுவிடுவேன். தட்டின் அடியில் மூன்று சிறு புள்ளித் தழும்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம். சூளையில் தட்டைத் தாங்கிய முட்டின் தடம் அது. பழுது பார்த்து வண்ணம் பூசியிருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால் இருட்டில் அல்ட்ராவயலட் டார்ச் அடியுங்கள். புதுப் பூச்சு பெரும்பாலும் வேறு நிறத்தில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அஞ்சலில் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே எப்படிக் கட்டி அனுப்புவார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஒருமுறை எட்டு ஆர்கண்டித் தட்டுகளை ஒருவர் படுக்கையாக அடுக்கி, இடையில் ஒரே ஒரு செய்தித்தாள் வைத்து அனுப்பினார். பெட்டியைத் தூக்கியதுமே உள்ளே சலசலத்தது. மூன்றுதான் மிஞ்சின. அந்த ஐந்து தட்டுகளை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது. ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். புத்தகத்தைப் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் மெத்தென்று அடைக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீர், மென்மையான ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். டிஷ்வாஷர், மைக்ரோவேவ் இரண்டும் வேண்டாம். குளோரின் பிளீச்சில் ஊற வைக்கவே கூடாது, அது கிளேஸை அரிக்கும். அடுக்கும்போது இரண்டு தட்டுகளுக்கு இடையே ஒரு ஃபெல்ட் துண்டு வையுங்கள். அந்தக் காலத்துக் கிளேஸில் ஈயம் இருக்கலாம் என்பதால், இவற்றில் நான் சாப்பிடுவதில்லை. புளிப்பும் சூடும் ஈயத்தை இளக்கி இழுக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எந்த வரிசையில் வாங்குவது? ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய தட்டு, கோப்பை, சாசர் என்று தொடங்குங்கள். அவை எளிதில் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. முட்டைக் கோப்பை, மூடியோடு கூடிய வெண்ணெய்த் தட்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து கிண்ணங்கள் ஆகியவற்றுக்குப் பொறுமை வேண்டும். மூடி இல்லாத பாத்திரம் மலிவாக வந்தால், மூடி பிறகு கிடைத்துவிடும் என்று வாங்கிவிடாதீர்கள். முதலில் உடைவது மூடிதான், தனியாக அது வருவதே அபூர்வம்.

கைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை, எத்தனை அங்குலம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சந்தையில் நிற்கும்போது ஏழு அங்குலமும் எட்டு அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒரு டேப்பையும் கூடவே எடுத்துப் போங்கள். என் நோட்டில் ஐந்து கிண்ணங்களுக்கு நேரே நான்கு டிக் இருக்கிறது. எட்டு அங்குலம்தான் பாக்கி.