குளோஷர் மாறி மாறவே இல்லை: ஸ்டாக் இடம்பெயர்ந்த கதை

கற்றுக்கொள்வதற்காக சி மொழியில் ஒரு சின்ன பைட்கோடு வி.எம். (நிரலின் சுருக்கக் கட்டளைகளை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) எழுதி வருகிறேன். அதில் குளோஷர் (வெளி ஃபங்ஷனின் மாறியைப் பிடித்து வைத்திருக்கும் உள் ஃபங்ஷன்) சேர்த்ததும் ஒரு கோளாறு. உள் ஃபங்ஷன் வெளி மாறியில் 1 கூட்டினால், சில ஓட்டங்களில் வெளியே அது பழைய மதிப்பிலேயே நிற்கும். எரர் எதுவும் வராது.

நிரலைப் படித்துப் பிரிக்கும் பார்சரைச் சந்தேகித்தேன், பைட்கோடு சரியாக இருந்தது. பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரை அடியோடு நிறுத்தினேன். அப்போதும் அதே தப்பு. மூன்று நாள் போயிற்று.

துப்பு கிடைத்தது ரிகர்ஷனில், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்போது. ஆழம் 60 வரை சரி, 70-இல் தப்பு. ஓர் அழைப்புக்கு ஸ்டாக்கில் (மாறிகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) 4 இடம், ஸ்டாக்கின் தொடக்க அளவு 256 இடம். அதாவது 64-வது அழைப்பை ஒட்டி ஸ்டாக் நிரம்பி ரீஅல்லாக் (நினைவகப் பகுதியின் அளவை மாற்றும் சி ஃபங்ஷன்) ஓடுகிறது. பக்கத்தில் காலி இடம் இல்லையென்றால் அது ஸ்டாக்கை வேறு முகவரிக்கு நகர்த்தும்; இருந்தால் அதே முகவரியிலேயே ஸ்டாக்கைப் பெரிதாக்கிவிடும். அதனால்தான் சில ஓட்டங்களில் தப்பு தெரியவில்லை. நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்ததும், விடுவித்த நினைவகத்தில் எழுதும் வரியை உடனே காட்டியது. குளோஷர் பிடித்திருந்தது பழைய ஸ்டாக்கின் முகவரியை!

ரீஅல்லாக்குக்கு முன்பே ஒவ்வொரு திறந்த அப்வேல்யூவும் (குளோஷர் பிடித்த, இன்னும் ஸ்டாக்கிலேயே இருக்கும் மாறி) ஸ்டாக்கில் எத்தனையாவது இடம் என்று குறித்துக்கொண்டு, பிறகு புதிய முகவரியில் திருப்பி வைத்தேன். லுவா என்ற நிரல் மொழியும் ஸ்டாக்கை நகர்த்தியதும் இப்படித்தான் திருத்துகிறது. இப்போது ஆழம் 5000-இலும் சரியாக ஓடுகிறது. அப்பாடா!