சுருக்கி அனுப்பும் முன் ஒரு நிமிடம்: குறுஞ்செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் பிடுங்கிக்கொள்ளத் தனியாகப் போயிருந்த பெரியம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், இரண்டே சொற்கள். "வலி தெரியவில்லை" என்று படித்து, கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "வழி தெரியாமல் வெயிலில் நிற்கிறேன், நீ கும்பிடு அனுப்புகிறாயே?"

தவறு அவருடையதுமில்லை, முழுக்க என்னுடையதுமில்லை. ழகரத்துக்கு இரண்டு எழுத்து போடச் சோம்பி, நெடிலையும் குறிலாக அடித்தால் வலி, வழி, வாளி எல்லாம் ஒன்றாகிவிடும். பழம், பலம், பாலம் என்பவற்றுக்கும் இதே கதி. உயிரெழுத்துகளையும் விழுங்கிவிட்டால் படிப்பவர் குறி சொல்ல வேண்டியதுதான். அவசரச் செய்தியையாவது தமிழ் எழுத்திலேயே அடியுங்கள். குரலில் சொல்லிப் பதிவது அதைவிட எளிது.

சுருக்கும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70 மட்டுமே. அதிலும் 'கொ' போன்ற உயிர்மெய் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் எழுத்துக்காக ஒரே பொத்தானை மூன்று முறை அழுத்திய நாட்கள் அவை. ஆனால் 1992 டிசம்பர் 3 அன்று போன முதல் குறுஞ்செய்தி, எந்த எழுத்தும் குறையாத கிறிஸ்துமஸ் வாழ்த்து! இன்றைய செயலிகளில் அந்த இட நெருக்கடி இல்லை. நாம் மிச்சம்பிடிப்பது நம்முடைய இரண்டு விநாடியை. அதற்கான உழைப்பைப் படிப்பவர் தலையில் கட்டுகிறோம்.

நமக்குத் தெரிந்த சுருக்கம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வழங்கும் சொல்லைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. நண்பர் குழுவின் கொச்சையும் சுருக்கமும் அப்படித்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அதில் ஒரு நெருக்கம் உண்டு, அதை நான் குறை சொல்லமாட்டேன். வெளியே போனால்தான் சிக்கல். 'எல்ஓஎல்' என்றால் வாய்விட்டுச் சிரிப்பது. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் அதை 'நிறைய அன்பு' என்று எண்ணித் தம் செய்திகளின் முடிவில் போட்டுவந்தது 2012-இல் ஒரு விசாரணையில் வெளிவந்தது. பிரதமருக்கே அப்படி என்றால், புதிதாகக் கைபேசி வாங்கிய தாத்தாவுக்கு?

நாள், மருந்து, பணம் மூன்றிலும் சுருக்கமே வேண்டாம். 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. மருந்துச் சீட்டில் 'ஓ.டி.' என்பது நாளைக்கு ஒரு வேளை என்றும் பொருள்படும், வலது கண் என்றும் பொருள்படும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு "காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்று முழுதாக எழுதுங்கள்.

"இன்று வரட்டுமா, நாளை வரட்டுமா?" என்று கேட்டால் "ஓகே" என்று பதில் வருகிறது. எதற்கு ஓகே? ஒற்றை "ம்" இன்னும் மோசம். நேரில் அந்த "ம்" குரலோடும் முகத்தோடும் வரும். திரையில் அது கோபமா, சம்மதமா, தூக்கமா என்று தெரியாமல் எதிரில் இருப்பவர் இரவெல்லாம் குழம்புவார். "சரி, நாளை வா" என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

என்னால் பொறுக்கவே முடியாத ஒன்று, இறப்புச் செய்திக்குக் கீழே வரும் 'ஆர்ஐபி'. 'அமைதியில் இளைப்பாறுக' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. தந்தையை இழந்த நண்பர் ஒருவர் அப்படி வந்த பதில்களை விரலால் தள்ளிக்கொண்டே போனதை அருகில் இருந்து பார்த்தேன். ஒரே ஒரு செய்தியில் விரல் நின்றது: "அப்பா எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வருகிறது. மாலையில் வருகிறேன்." அதைத்தான் அவர் அம்மாவிடம் எடுத்துக்கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார்.