பழைய இணையதளத்தை அன்றிருந்தபடி பார்ப்பது எப்படி?

இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அவற்றைப் புரட்டிப் பார்க்கும் வேபேக் மெஷின் 2001-இல் எல்லோருக்கும் திறந்தது.

அதன் தேடல் பெட்டியில் தளத்தின் முகவரியை இடுங்கள். ஆண்டைத் தேர்ந்தால் நாட்காட்டி விரியும். நீல வட்டமுள்ள தேதியைச் சொடுக்குங்கள். பச்சை வேறு முகவரிக்குத் தாவிவிடும். ஆரஞ்சும் சிவப்பும் பிழைப் பக்கங்கள், நேர விரயம்.

திறந்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்க எண் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது கிரீன்விச் நேரம். இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். படங்கள் வேறொரு நாளில் சேமிக்கப்பட்டவையாக இருக்கலாம். படத்தை வைத்துத் தேதி முடிவு செய்யாதீர்கள்.

பழைய தமிழ்த் தளம் கிறுக்கலாகத் தெரிகிறதா? பெரும்பாலும் பக்கம் கெட்டிருக்காது. இன்றைய பொது முறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய, திஸ்கி போன்ற குறியாக்கமாக (எழுத்துகளைக் கணினியில் பதியும் முறை) இருக்கும். நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் ஒட்டுங்கள், தமிழ் வந்துவிடும்.