காப்பகத்துச் சாப்பாடு: வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மதியச் சோற்றைத் தொடாத பிள்ளைக்கு, பெரும்பாலும் அதற்கு முன்பே வயிறு நிறைந்திருக்கும். பதினொரு மணிக்கு ஒரு தம்ளர் பால், நாலு பிஸ்கட். பன்னிரண்டு மணிக்குச் சோறு. எப்படி இறங்கும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 1 வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் அது மற்ற உணவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தசோகையில் கொண்டுவிடும். வீட்டில் காலையும் இரவும் குடிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். அதைப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பால், பழம் எதுவானாலும் சோற்றுக்கு 2 மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். இடையில் தாகமெடுத்தால் தண்ணீர் போதும்.

கைக்குழந்தைகளுக்குக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுவது அடுத்த தவறு. விழுங்க எளிதுதான், ஆனால் அந்தச் சின்ன வயிற்றில் போவது பாதிக்கு மேல் தண்ணீர். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல நழுவி விழுவதே சரியான பதம். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவில் ஒரு வசதி உண்டு: முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்து கஞ்சியை இளக்கிவிடும், அதே அளவு தண்ணீருக்குக் கூடுதல் மாவு போடலாம். கொதிநீரில் கொட்டினால் நொதி செயலிழந்துவிடும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் வைத்துக் கிளறுங்கள். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் ஏறத்தாழ 40 கலோரி கூடும்.

பெரிய பிள்ளைகளுக்கு ரசஞ்சோறு இதே வகை ஏமாற்றுதான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அங்கன்வாடி விதிமுறையில் துணை உணவாகவே நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் சொல்லப்பட்டிருந்தது. ஒரு முட்டை தருவது 6 கிராம். மீதிக்கு மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போட்டுக் குழைய வேகவைத்த சோறு வேண்டும். கூட முருங்கைக்கீரை இருந்தால் இறக்கிய பின் எலுமிச்சை பிழியுங்கள்; கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர அதன் வைட்டமின் சி உதவும். சாப்பாட்டை ஒட்டி டீ கொடுத்தால் நேர்மாறாகும்.

வீட்டில் காலை 7 மணிக்கு ஆவியோடு மூடிக் கொடுத்துவிடும் டப்பாச் சோறு 12 மணிக்குள் கெட்டுப்போகலாம். திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது தப்புக்கணக்கு. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு சூட்டுக்கு அசையாது. டப்பாதான் கதி என்றால் தேங்காய்ச் சட்னியை விட்டு இட்லியில் எண்ணெயும் பொடியும் தடவிக் கொடுக்கலாம்.

முழு வேர்க்கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட் வில்லை எதுவும் 5 வயதுக்குள் வேண்டாம். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் அந்த வட்டம் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கும். நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள். 1 வயதுக்குள் தேன் ஒரு சொட்டும் கூடாது.

கடைசியாக, கட்டாயப்படுத்தி ஊட்டுவது. கன்னத்தை அழுத்தித் திணித்தால் அடுத்த நாள் தட்டைப் பார்த்ததுமே பிள்ளை அழும். அரை மணி நேரம் உட்காரட்டும். தின்றது போதும், தட்டை எடுத்துவிடுங்கள். பாவம் பார்த்து உடனே பிஸ்கட் நீட்ட வேண்டாம், 3 மணிக்குச் சுண்டல் மசியல் வருகிறதே.