சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: ஸ்கேனில் நடக்கும் தவறுகள்

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகிறது. வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வருகிறது. ரத்தமும் நின்றுவிட, அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. இந்தப் புற்றில் ஒரு வகை, பையின் உள்தோலோடு தட்டையாகப் படரும். கட்டியாக மேலெழும்பாததால் அல்ட்ராசவுண்ட் மட்டுமல்ல, சி.டி.யும் அதைத் தவறவிடலாம். சிறுநீர்ப் பாதை வழியே கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் பயாப்சியும்தான் இதற்குப் பதில் சொல்லும். அதற்காக, சாய மருந்து ஏற்றிச் சிறுநீர்ப் பாதை முழுவதையும் படமெடுக்கும் சி.டி. யூரோகிராம் வீண் என்று அர்த்தமில்லை. சிறுநீரகத்திலும் சிறுநீர்க்குழாயிலும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும்.

அடுத்தது, என்னைக் கேட்டால் இதைவிட அதிகம் நடக்கும் தவறு. கட்டியைச் சுரண்டி எடுத்த சில நாளிலேயே எம்.ஆர்.ஐ.க்குப் போவது. புற்று பைச் சுவரின் தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை வைத்தே மொத்த சிகிச்சையும் முடிவாகிறது. சி.டி.யால் அதைச் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. ஓரளவு நன்றாகவே சொல்லும். அதற்காகவே 2018-இல் வை-ராட்ஸ் என்ற 1 முதல் 5 வரையிலான மதிப்பெண் முறை வந்தது. ஆனால் அறுத்த இடத்தின் வீக்கமும் ரத்தக்கசிவும் படத்தில் புற்றைப் போலவே தெரியும். அதனால் அறுவைக்கு முன்பே எடுப்பது நல்லது. முடியாவிட்டால் குறைந்தது 2 வாரம் பொறுக்க வேண்டும். பையில் சிறுநீரும் அளவாக இருக்க வேண்டும். காலியாக இருந்தால் சுவர் சுருங்கித் தடிப்பாகத் தெரியும். முட்ட முட்ட இருந்தால் படுத்திருப்பவர் நெளிவார், படம் கலங்கும்.

பெட் ஸ்கேனிலோ வேறு சங்கடம். ஊசியில் போடும் கதிரியக்கச் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுவதால் பையே பளபளவென்று ஒளிரும். உள்ளே இருக்கும் கட்டி அதில் மறைந்துபோகும். நிணநீர்க் கணுக்களுக்கோ தொலைவில் உள்ள உறுப்புகளுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

புற்று திரும்பாமல் இருக்க, பைக்குள் பி.சி.ஜி. மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கும் சுவர் அழன்று தடிக்கும். அதைப் பார்த்தவுடன் நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம்.

அப்புறம், ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழைய சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொடுங்கள். முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்று சொல்ல முடியும்.